தீம் பார்க் பயணத்தின் நடுவில் மகளுக்குக் காது வலி: இப்போதே டாக்டரிடம் போவதா, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்வதா?

முத்துச்சிப்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஹோட்டல் குளியலறைக்குள் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே விளக்கைப் போட்டால் சின்னவன் எழுந்துவிடுவான்.

நான், கணவர், மகள் (6 வயது, 18 கிலோ), மகன் (3 வயது), மாமனார், மாமியார் என்று குடும்பமாகத் தீம் பார்க்குக்கு வந்திருக்கிறோம். வந்ததிலிருந்து தண்ணீர்ச் சறுக்குகளும் அலைக்குளமும்தான். மகள் மீன்குஞ்சு மாதிரி, தண்ணீரை விட்டு வெளியே இழுத்து வருவதே ஒரு வேலை. இன்று மதியம் வரிசையில் நிற்கும்போது இடது காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். முதலில் பசி அழுகை என்று நினைத்தோம். தலையைத் துவட்டத் துண்டைக் காதருகே கொண்டுபோனதும் வீறிட்டாள், அப்போதுதான் விஷயம் புரிந்தது.

பூங்காவுக்குள்ளேயே முதலுதவி அறை இருந்தது. அங்கிருந்த நர்ஸ் நன்றாகப் பார்த்தார். உடம்பு சூடு 37.4, காய்ச்சல் இல்லை என்றார். வலிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, கட்டிலில் அரை மணி நேரம் படுக்க வைத்தார். "காதுக்குள் பார்த்து மருந்து எழுத டாக்டர்தான் வேண்டும், எங்களால் முடியாது" என்று சொல்லி, வந்த நேரத்தையும் கொடுத்த மருந்தையும் ஒரு சீட்டில் எழுதித் தந்தார். காசு வாங்கவில்லை. மருந்து வேலை செய்யும் வரை சிரித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி மறுபடி வலி. இப்போதுதான் அழுது அழுது தூங்கியிருக்கிறாள், வலது பக்கமாகப் படுத்து.

நாளைக்கும் டிக்கெட் இருக்கிறது. நாளை மறுநாள் விமானம். என் கேள்விகள்:

இந்த நேரத்தில் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, காலையில் கிளினிக் போனால் போதுமா? காது வலியோடு விமானத்தில் ஏறலாமா? பயணக் காப்பீடு இருக்கிறது, ஆனால் கணவர் "காது வலிக்கெல்லாம் எவன் கொடுப்பான், கையிலிருந்து கட்டிவிட்டுப் போவோம்" என்கிறார். மாமியார் காதில் ஏதாவது சூடாக விடலாம் என்கிறார், கணவர் பட்ஸால் துடைத்துப் பார்க்கலாம் என்கிறார். நான் இரண்டு பேரையும் தடுத்து வைத்திருக்கிறேன், எவ்வளவு நேரம் முடியுமோ தெரியவில்லை.

பழைய நர்ஸ் எழுதியது:

தடுத்து வைத்தீர்களே, அதுவே பாதி வைத்தியம். செவிப்பறை முழுசாக இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தெரியாமல் காதுக்குள் எதுவும் போகக் கூடாது. எண்ணெயோ, பட்ஸோ, வீட்டில் மிச்சமிருந்த பழைய சொட்டு மருந்தோ, எதுவும் வேண்டாம்.

நான் பல சீசன் ஒரு பூங்காவின் முதலுதவி அறையில் வேலை பார்த்தவள். எங்களிடம் வருகிறவர்கள் அதை ஒரு குட்டி ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அங்கே கட்டு போடலாம், ஐஸ் வைக்கலாம், கடைக்கவுண்டரில் கிடைக்கும் வலி மாத்திரை கொடுக்கலாம், வெயிலில் வாடினவர்களைக் குளிர்ந்த அறையில் படுக்க வைக்கலாம், ஆம்புலன்ஸ் கூப்பிடலாம். எக்ஸ்ரே கிடையாது, ஆன்டிபயாடிக் எழுதித் தர முடியாது. உங்களைப் பார்த்த நர்ஸ் தன் எல்லையைத் தெரிந்து சரியாகச் செய்திருக்கிறார். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் எமர்ஜென்சி கேள்வி. கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்: காதுக்குப் பின்னால் வீக்கமோ சிவப்போ, அல்லது ஒரு காது மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது போல் தெரிவது, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, எழுப்பினால் சரியாக முழிக்காத மயக்கம், ஓயாத வாந்தி, மருந்து கொடுத்தும் இறங்காத கடும் காய்ச்சல். தூங்கும் பிள்ளையின் காதுக்குப் பின்னால் போன் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள், இன்னொரு காதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதெல்லாம் இல்லை, தூங்குகிறாள், எழுப்பினால் பேசுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள் என்றால் காலையில் கிளினிக் போதும்.

அப்புறம் வலி மருந்து. இதில்தான் வெளியூரில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். பாராசிட்டமால் சிரப் எல்லாப் புட்டியிலும் ஒரே வீரியம் இல்லை. 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 160 உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சில நாடுகளில் லேபிளில் அசெட்டமினோஃபென் என்று போட்டிருக்கும். அதுவும் இதுவும் ஒன்றேதான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளையின் எடைக்குத்தான் கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பதினெட்டு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 270 மி.கி. உச்சம். 120 புட்டியில் அது 11 மி.லி., 250 புட்டியில் 5 மி.லி.யைக் கொஞ்சம் தாண்டும். "வீட்டில் இரண்டு ஸ்பூன் கொடுப்போம்" என்று பழக்கத்தில் 250 புட்டியைச் சாய்த்தால் அளவு எங்கேயோ போய்விடும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். முதலுதவி அறையில் கொடுத்ததும் அந்த நான்கில் ஒன்று. அதற்குத்தான் சீட்டு. புட்டியில் போட்டிருக்கும் அளவு நான் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் புட்டி சொல்வதையே கேளுங்கள். ஆஸ்பிரின் பெரியவர்களின் பையில் இருக்கும், பிள்ளைக்கு அது கூடவே கூடாது.

நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது: துண்டு பட்டதும் வீறிட்டாள் என்றீர்களே. காது மடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னால் மொட்டு மாதிரி இருக்கும் குருத்தெலும்பை அமுக்கினாலோ வலி கூடினால், அது பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில் வரும் தொற்று. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய காதுக்கு வருவது. தண்ணீர் தங்கித் தங்கி உள்தோல் ஊறிப்போகும், கிருமி புகுந்துவிடும். நடுக்காதுத் தொற்று வேறு கதை, அது வழக்கமாகச் சளி, மூக்கடைப்புக்குப் பின்னால் வரும். செவிப்பறை நன்றாக இருந்தால் குளத்துத் தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது. எது என்று டாக்டர் உள்ளே பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நான் சொல்வது ஊகம். நீங்கள் அமுக்கிப் பார்த்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடாதீர்கள்!

விமானம்: எந்தக் காது நோய் என்பதைப் பொறுத்தது. வெளிக்காது என்றால் பெரும்பாலும் தடை இருக்காது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் இறங்கும்போது வலி கடுமையாக இருக்கலாம். நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் அடைத்திருப்பதால் அழுத்தம் சரியாகாது. காலையில் பார்க்கிற டாக்டரிடம் "நாளைக்கு விமானம், பறக்கலாமா" என்று நேராகக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நீர்யானை அப்பா எழுதியது:

நர்ஸ் அம்மா எல்லாம் சொல்லிவிட்டார். நான் குடும்பம் நடத்துகிற பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆறு பேரும் கிளினிக்குக்குப் போகாதீர்கள். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து சின்னவன் ஒரு ஆட்டம் ஆடுவான், மாமனார் "எவ்வளவு நேரம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருவர் மகளோடு போக வேண்டும், மற்றவர்கள் பூங்காவுக்கோ ஹோட்டல் அறைக்கோ. போகிறவரிடம் பிள்ளையின் பாஸ்போர்ட், பாலிசி எண், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை இருந்தால் அது, போன் சார்ஜர், இவ்வளவு போதும். கிளினிக் எங்கே என்று ஹோட்டல் வரவேற்பில் கேளுங்கள். சுற்றுலா இடங்களில் அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி. சில இடங்களில் டாக்டரே அறைக்கு வருவார், ஆனால் அதற்குக் காப்பீடு கொடுக்குமா என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. இதே போல் ஒரு பூங்கா. தம்பி என் இரண்டு வயசுப் பையனின் கையைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஊஞ்சலாட்டினான். இறக்கி விட்டதும் பையன் ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். வீக்கம் இல்லை, காயம் இல்லை, ஆனால் அந்தக் கையால் பொம்மையைக்கூட வாங்க மாட்டேன் என்கிறான். எல்லாருக்கும் எலும்பு முறிந்துவிட்டது என்ற பயம். தம்பிக்கு முகமே இல்லை. கிளினிக்கில் டாக்டர் எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டார், முழங்கையை ஒரு கையால் பிடித்தார், மணிக்கட்டைத் திருப்பி மடக்கினார், "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். பையன் ஒரு கத்து கத்தினான். அப்புறம் மேஜை மேலே இருந்த மிட்டாய் ஜாடியை டாக்டர் அந்தக் கைப்பக்கம் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பயல் அதே கையை நீட்டி எடுத்தான்! முழங்கை நழுவல் என்றார்கள். ஒன்றிலிருந்து நாலு வயசு வரை, கையைப் பிடித்து இழுத்தால் வருவது. உங்கள் சின்னவனும் அந்த வயசுதான், வரிசையில் கையைச் சுண்டி இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள். யூடியூபைப் பார்த்து நீங்களே திருப்பிவிடவும் வேண்டாம். கீழே விழுந்திருந்தாலோ வீங்கியிருந்தாலோ அது வேறு, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பயணக் காப்பீட்டுக் கிளைம் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. சில பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவே வராது. சிலவற்றில் வரும், ஆனால் முதலில் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று ஒரு கழிவு இருக்கும், பில் அதற்குள் அடங்கிவிட்டால் கிளைம் செய்து பயனில்லை. ஆனால் இதை ஊகித்துக்கொண்டு உட்காராமல், பாலிசியில் இருக்கும் 24 மணி நேர உதவி எண்ணுக்கு இப்போதே போன் போடுங்கள். கிளினிக்குக்குப் போகும் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் விதி உண்டு. அவர்களோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்கைச் சொன்னால் கையிலிருந்து கட்டவே வேண்டியிருக்காது. பேசியவர் தரும் கேஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிர் போகிற அவசரம் என்றால் இதெல்லாம் அப்புறம், முதலில் ஆம்புலன்ஸ்.

கிளினிக்கிலிருந்து வரும்போது கையில் இருக்க வேண்டியவை: நோயின் பெயரும் தேதியும் எழுதிய டாக்டர் குறிப்பு, எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில் (மொத்தத் தொகை மட்டும் உள்ள கார்டு சீட்டு போதாது), மருந்துச் சீட்டு, மருந்துக் கடை ரசீது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி மகளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். எங்களிடம் வந்து திரும்பிப் போகும் தாள்களில் பெயர்க் குளறுபடிதான் எரிச்சலானது, ஏனென்றால் அங்கேயே நின்று சரி செய்திருக்கலாம்.

மாமனார் மாமியாருக்கு சுகரோ பிரஷரோ இருந்தால் அது பாலிசி எடுக்கும்போது சொல்லப்பட்டதா என்றும் பார்த்து வையுங்கள். நாளைக்கு அவர்களுக்கு ஏதாவது என்றால் முதல் கேள்வி அதுதான்.

ஊசிமுனை எழுதியது:

ஒரு காது வலிக்கு இவ்வளவு அமர்க்களமா? எங்கள் காலத்தில் இரண்டு நாளில் தானாகவே போய்விடும். டிக்கெட் காசை நினைத்துப் பாருங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ராட்டினத்தில் ஏற்றினால் வலி மறந்துவிடும்.

பழைய நர்ஸ் எழுதியது:

ஊசிமுனை அவர்களே, நடுக்காது வலி பல பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாவது உண்மைதான், டாக்டர்களே சில நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் இது வெளிக்காதா நடுக்காதா என்றே தெரியாது, நாளை மறுநாள் விமானம் வேறு. அதனால் பார்த்துவிடுவது நல்லது.

முத்துச்சிப்பி, கணக்குப்பிள்ளை சுகர் என்றதும் நினைவு வந்தது. மாமனார் இன்சுலின் போடுகிறவரா? போடுகிறவர் என்றால் அது இப்போது எங்கே இருக்கிறது? பகல் முழுக்க வெயிலில் தோள்பையில் சுற்றியிருந்தால் கெட்டுப் போகலாம். திறந்த புட்டிக்கு அறை வெப்பம் பரவாயில்லை, ஆனால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. நிறையப் பூங்காக்களில் முதலுதவி அறைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொடுப்பார்கள், கேட்க யாரும் வருவதில்லை. எங்கள் அறைக்குப் பிற்பகலில் தாத்தா பாட்டிகள்தான் அதிகம் வருவார்கள். பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், கழிப்பறை தூரம் என்று தாங்கள் குடிக்க மாட்டார்கள். தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி, தோல் ஈரமாக இருந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

முத்துச்சிப்பி எழுதியது:

போய்விட்டு வந்தாச்சு. காதுக்குப் பின்னால் வீக்கம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு ராத்திரியைக் கடத்தினோம். உதவி எண்ணில் பேசினேன், கேஸ் எண் கொடுத்து ஒரு கிளினிக்கின் முகவரியை அனுப்பினார்கள். நானும் மகளும் மட்டும் போனோம்.

டாக்டர் முதலில் வலது காதைப் பார்த்தார், அவளுக்கும் அந்தக் கருவியால் என் காதைப் பார்க்கக் கொடுத்தார். "அம்மா காதில் என்ன தெரிகிறது?" "முடி!" அதற்குப் பிறகு இடது காதைக் காட்டினாள். நர்ஸ் அம்மா சொன்ன அந்த மொட்டை மெதுவாகத் தொட்டதும் என் முழங்காலை நகத்தால் பிறாண்டிவிட்டாள். வெளிக்காதுத் தொற்றுதான். குழாய் சிவந்து வீங்கியிருக்கிறது, செவிப்பறை நன்றாக இருக்கிறது, பறக்கலாம் என்று எழுதியும் கொடுத்தார். ஏழு நாள் சொட்டு மருந்து. பத்து நாளைக்குத் தலையைத் தண்ணீரில் முக்கக் கூடாது, குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயில் மட்டும் வைக்க வேண்டும்.

சொட்டு போடுவதற்கு ஒரு வித்தை சொல்லித் தந்தார். புட்டியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சில நிமிஷம் உருட்ட வேண்டும். சில்லென்று விட்டால் தலை சுற்றும். பிறகு பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்து, குழாயின் சுவரோடு வழியும்படி விட்டு, அப்படியே ஐந்து நிமிஷம் படுக்க வைக்க வேண்டும். புட்டி உருட்டும் வேலையை மாமியாரிடம் கொடுத்துவிட்டேன். காதில் சூடாக எதையாவது விட வேண்டும் என்றவர் அவர்தானே, இப்போது திருப்தி.

மாமனாருக்கு மாத்திரைதான், இன்சுலின் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயம் அவரைப் பார்த்து எழுதின மாதிரியே இருந்தது. படித்துக் காட்டினேன், பதில் சொல்லாமல் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் எல்லாரும் பூங்காவுக்குப் போனோம். தண்ணீர் இல்லாத சவாரிகள் மட்டும். பயன்படுத்தாத தண்ணீர்ப் பகுதி டிக்கெட்டைப் பற்றி விருந்தினர் சேவை மேசையில் டாக்டர் குறிப்பைக் காட்டிக் கேட்டேன். பணம் திரும்பாது, வேறு தேதிக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். எப்போது வரப் போகிறோமோ, ஆனாலும் மாற்றி வாங்கிக்கொண்டேன்.

நீர்யானை அப்பா எழுதியது:

நல்லது. விமானம் இறங்க ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு, அதனால்தான் தரை இறங்கும்போது அலறிக்கொண்டு முழிக்கிறார்கள். உறிஞ்சிக் குடிக்க ஏதாவது கையில் இருக்கட்டும்.

முத்துச்சிப்பி எழுதியது:

வீடு வந்து சேர்ந்தோம், விமானத்தில் அழவில்லை. சின்னவன்தான் அழுதான், அது வேறு காரணம், ஜன்னல் சீட்.

கிளைம் அனுப்பினேன். டாக்டர் பில் சரியாம். மருந்துக் கடை ரசீதில் மருந்தின் பெயர் இல்லை, வெறும் "மருந்துகள்" என்று தொகை மட்டும் இருக்கிறதாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையோ அந்த ஊரில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை, இதற்கு என்ன வழி?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைக்கு ஈமெயில் போடுங்கள். ரசீது எண், தேதி, டாக்டர் மருந்துச் சீட்டின் படம் மூன்றும் சேர்த்து அனுப்பி, மருந்தின் பெயர் போட்ட பிரதி கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கணினியில் இருக்கும். அது வரும் வரை கிளைமை மூடிவிடாமல் வைத்திருக்கும்படி கேஸ் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். சொட்டு மருந்துப் புட்டியின் அட்டைப் பெட்டி இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மகள் பெயர் ஒட்டிய லேபிள் அதில் இருந்தால் அதையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.